பழைய தேக்குச் சாமான்களுக்கு ஏற்ற தரை: ஆத்தங்குடியா, காவியா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்கு அலமாரியையோ பித்தளைச் சங்கிலி ஊஞ்சலையோ விலைபேசி வாங்கிவிடலாம். வீட்டில் அது பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது தரை. வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸின் மேல் வைத்தால், நூறு வயது மரமும் லாரியிலிருந்து இப்போதுதான் இறக்கிய சரக்கைப் போல ஒட்டாமல் நிற்கும். பழம்பொருள்களோடு வாழ விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தரைகளுக்கு நடுவில்தான் திண்டாடுகிறார்கள்: காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கையால் செய்யும் வண்ணச் சிமெண்ட் தரையோடான ஆத்தங்குடிக் கல், சிமெண்டில் சிவப்பு ஆக்சைடு நிறப்பொடி கலந்து போட்ட காவித் தரை.

ஆத்தங்குடிக் கல் உருவாவதை ஒருமுறையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சட்டம். அதற்குள் பூவும் இலையும் தனித்தனி அறைகளாகப் பிரிந்த உலோக அச்சு. ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்ட் கரைசலைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்களின் ஓரங்கள் மெல்ல நெளிந்து ஒன்றையொன்று தொடுகின்றன. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அழுத்தி மட்டம் செய்கிறார்கள். சூளைக்குப் போவதே இல்லை. தண்ணீரில் ஊறிக் காய்ந்து கண்ணாடி கழலும்போது அதன் வழவழப்புக் கல்லில் தங்கிவிடுகிறது. கையால் ஊற்றியது என்பதால் இரண்டு கற்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தச் சிறு பிசகுதான் அதன் அழகு. இதே கோலத்தை அச்சடித்து வரும் செராமிக் டைல்ஸில் அது கிடையாது. குளியலறைக்கு வேண்டுமானால் அந்த டைல்ஸைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தரை அறையில் வேறு எதையும் எளிதில் பேசவிடாது. பூப்போட்ட திரைச்சீலை, கட்டம்போட்ட மெத்தை உறை, சுவர் முழுக்கப் படங்கள் என்று சேர்த்தால் கண் இளைப்பாற இடமிருக்காது. செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தரையில் அத்தனை வண்ணம் வைத்தவர்கள், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய வெண்சுவர்களைப் பல இடங்களில் வெறுமையாகவே விட்டார்கள். கறுத்த பர்மா தேக்குத் தூண் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொண்ட அந்த அடக்கத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

காவித் தரை இதற்கு நேர்மாறு. ஒரே நிறம், கல்லுக்குக் கல் இணைப்புகள் இல்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவந்தால் ஆண்டுகள் ஆக ஆக நிறம் ஆழமாகும். ரோஸ்வுட் நாற்காலி, எனாமல் கூஜா, ரவி வர்மா அச்சுப்படம், தஞ்சாவூர்ச் சாயல் ஓவியம் என எத்தனை வைத்தாலும் தாங்கும். அரிசி மாவுக் கோலம் துலங்குவதற்கு இதைவிட நல்ல தரை எனக்குத் தெரியாது.

சிக்கல், போடும் கையில் இருக்கிறது. கலவை இறுகும் நேரமறிந்து கரணையால் அழுத்தித் தேய்க்கத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். தேய்ப்பு சரியில்லாவிட்டால் திட்டுத்திட்டாகத் தெரியும். பெரிய கூடத்தைப் பாகம் பிரிக்காமல் ஒரே பரப்பாகப் போட்டால் விரிசல் விடும். ஒட்டுப் போட்ட இடம் எப்போதும் தனியாகத் தெரியும். ஆத்தங்குடியில் உடைந்த கல்லை மட்டும் பெயர்த்து மாற்றிவிடலாம். எலுமிச்சைச் சாறும் ஆசிட்டும் இரண்டுக்குமே பகை. அடுக்குமாடி வீட்டில் பழைய தரையின் மேலேயே ஆத்தங்குடி போட நினைப்பவர்கள், கல்லும் அடிக்கலவையும் சேர்ந்த தடிமனுக்குக் கதவுகளின் அடிப்பகுதியை அறுக்க வேண்டிவரும் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

பழம்பொருள்கள் நிறைய வைத்திருப்பவர்களுக்குக் காவியைத்தான் சொல்வேன். ஓர் ஊஞ்சலும் ஓர் அலமாரியும் மட்டுமே என்றால் தயங்காமல் ஆத்தங்குடி. இரண்டிலும் மனம் போனால், கூடத்தின் நடுவில் காவியும் சுற்றிலும் ஆத்தங்குடிக் கரையும் வைக்கலாம். படுக்கையறைகளுக்குக் காவியே போதும். கல் வாங்கும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் வாங்கி வையுங்கள். அடுத்த முறை ஊற்றும் கலவையில் அதே பச்சை வராது.