பழைய எஸ்யூவியில் பாலியூரித்தேன் புஷ்: ஸ்டீயரிங் அருமை, சத்தம்தான் தாங்கவில்லை

தன் பழைய எஸ்யூவிக்கு எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் சீக்கிரம் முடிந்துவிடும். பாரம் ஏற்றிக் கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் போகிறவர் என்றால் மோனோட்யூப், அதாவது ஒற்றைக் குழாய் ஷாக். அதில் நைட்ரஜனையும் ஆயிலையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்தே வைத்திருப்பதால், சூடேறினாலும் ஆயில் எளிதில் நுரைக்காது. ஆனால் கல் பட்டுக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மற்றவர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் கொண்ட ட்வின்ட்யூப் போதும். எதுவானாலும் முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நான் பேச விரும்புவது புஷ்ஷைப் பற்றி, அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் அதிர்வைத் தாங்க வைக்கும் மெத்தை போன்ற வளையத்தைப் பற்றி. வண்டிக்கு வயதானதும் எல்லாரும் ஷாக்கைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். பிரேக் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்கிறதா, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறதா? ஷாக்குக்குக் காசு கொடுக்கும் முன் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) புஷ், அந்த ஆர்மின் சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயின்ட், வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் லிங்க் ராடு மூன்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் லோயர் ஆர்ம் புஷ்தான் கிழிந்திருந்தது. அதற்கு முன் போட்டிருந்த மலிவு ரப்பர் புஷ் அற்ப ஆயுளில் போய்விட்ட கோபம் வேறு. அதனால் ரப்பரைவிட விறைப்பான பிளாஸ்டிக் வகையான பாலியூரித்தேனுக்கு மாறினேன்.

ஸ்டீயரிங் அருமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இவ்வளவு வயதான, இவ்வளவு கனமான வண்டி திருப்பிய இடத்தில் திரும்புகிறது. பிரேக்கில் மூக்கு அலைபாய்வது நின்றது. டயர் சீராகத் தேய்கிறது. என்ஜினிலிருந்து கசியும் ஆயில் பட்டால் சாதாரண ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். இது அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. இத்தனை காலம் ஓடியும் கழற்றிப் பார்த்தபோது புதுசுபோல இருந்தது.

ஆனால் அந்தச் சத்தம்! ஒவ்வொரு வேகத்தடையிலும் எண்ணெய் காணாத கதவுபோல ஒரு கிரீச். குளிர்ந்த காலையில் இன்னும் மோசம். காரணம் எளிது. ரப்பர் புஷ் இரும்போடு ஒட்டி வார்க்கப்பட்டது. ஆர்ம் அசையும்போது ரப்பரே முறுக்கிக்கொண்டு திரும்பும், எதுவும் உரசாது. பாலியூரித்தேனில் நடுவில் உள்ள இரும்புக் குழாய் அதற்குள் வழுக்கித் திரும்ப வேண்டும். அதற்குக் கிரீஸ் வேண்டும். தண்ணீரும் சேறும் அதை அரித்துவிட்டால் மறுபடி ஆர்மைக் கழற்று, சிலிக்கான் கிரீஸ் பூசு, மாட்டு, சக்கரங்களின் கோணம் சரியா என்று அலைன்மென்ட் பார். பெட்டியில் 'ஆயுள் முழுக்க' என்று அச்சடிக்கிறவர்கள் இந்த வேலையையும் பக்கத்தில் அச்சடிக்க வேண்டாமா? வெளியிலிருந்தே கிரீஸ் ஏற்றும் சின்ன வாயான கிரீஸ் நிப்பிள் வைத்த புஷ் என்றால் கழற்றாமலே அடித்துவிடலாம். அது கிடைக்காவிட்டால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

உழைப்பில் பாலியூரித்தேன்தான் ஜெயித்தது. இருந்தாலும் அடுத்த முறை நான் போடப்போவது ரப்பர்தான், கம்பெனி தரத்தில், பால் ஜாயின்ட்டோடு வரும் முழு ஆர்மாக. சேர்ந்து தேய்ந்தவற்றைச் சேர்த்தே மாற்றினால் கூலியும் அலைன்மென்ட் செலவும் ஒரே தடவையோடு முடியும்.

ரப்பர் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் அழுத்திச் சொல்லுங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் வண்டி இறங்கி நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். நல்ல புஷ்கூடச் சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கு, அப்புறம் அலைன்மென்ட். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.