உச்சியில் உட்காரும்போது குளிராத உடை எது? குடும்ப மலைநடைக்கு ஓர் ஒப்பீடு

பாதி வழிவரை என் மகள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. வெயில் சுள்ளென்று அடித்தது. பருத்தி டி-ஷர்ட் முதுகு முழுக்க நனைந்து தோலோடு ஒட்டிக்கிடந்தது. உச்சிக்குப் போய் உட்கார்ந்தோம். காற்று வீசத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் அவள் உதடு வெளுத்துப் பற்கள் தந்தியடித்தன. மழையும் இல்லை, பனியும் இல்லை. அவளுடைய வியர்வையே அவளை நடுங்க வைத்தது. நனைந்த சட்டையைக் கழற்றி, என் ஜாக்கெட்டுக்குள் அவளை இழுத்து அணைத்துக்கொண்ட பிறகுதான் நடுக்கம் அடங்கியது.

அன்றிலிருந்து மலைநடைக்கான எந்த உடையையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: நடையை நிறுத்தி உட்கார்ந்த பிறகு இது உடம்பை என்ன செய்யும்? தனியாக நடப்பவர் தன் வேகத்தாலேயே சூட்டைக் காப்பாற்றிக்கொள்வார். குடும்பத்தில் அது நடக்காது. ஒருவருக்குத் தாகம் எடுக்கும், இன்னொருவர் ஷூவில் கல் புகுந்திருக்கும், சின்னவன் ஒரு வண்டைப் பார்த்து அங்கேயே குந்திவிடுவான். ஏறி வியர்ப்பதும் நின்று ஆறுவதும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். எடைக்கு ஏற்ற கணக்கில் பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடற்பரப்பு அதிகம். அதனால் அவர்கள் வெகு சீக்கிரம் குளிர்ந்துபோகிறார்கள்.

பருத்தியா, பாலியெஸ்டரா, கம்பளியா?

முதலில் முடிவு செய்ய வேண்டியது தோலை ஒட்டி இருக்கும் துணியை. பெரும்பாலானவர்கள் ஜாக்கெட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே வீட்டில் கிடந்த பனியனைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள்.

பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. தண்ணீர் வெப்பத்தைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு கடத்தும். ஆக, நனைந்த பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை நிற்காமல் வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். பாலியெஸ்டர் இழைக்குள் ஈரம் கிட்டத்தட்டப் புகுவதே இல்லை. தன் எடையில் நூற்றில் அரைப் பங்குகூட அது வாங்காது. வியர்வை துணியின் மேல் பரவி, காற்றுப் பட்டதும் உலர்ந்துவிடும். மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளிக்கு வழி வேறு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் தோலுக்கு நசநசப்புத் தெரியாது. ஈரமாக இருக்கும்போதும் ஓரளவு கதகதப்புக் கொடுக்கும். இழை மிக மெல்லியது என்பதால் சாதாரணக் கம்பளியைப் போல அரிக்காது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அணிந்தாலும் நாற்றம் பிடிக்காது. பாலியெஸ்டரோ முதல் நாள் மாலையே வாடை அடிக்கத் தொடங்கிவிடும்.

மெரினோவிலும் குறை உண்டு. விலை கூடுதல். பையின் தோள்பட்டை உரசும் இடத்தில் சீக்கிரம் நைந்துபோகும். பாலியெஸ்டரைவிட மெதுவாகக் காயும். ஆண்டுக்கு ஓர் அளவு வளரும் பிள்ளைக்கு அத்தனை பணம் கொடுத்து வாங்க வேண்டுமா என்றால், பகல் நடைக்குத் தேவையில்லை என்பதே என் பதில். பிள்ளைகளுக்குப் பாலியெஸ்டர் போதும். கூடாரத்தில் தங்கிப் பல நாள் நடக்கும் பெரியவர்களுக்கு மெரினோ. கூடாரத்தருகே தீ மூட்டுவதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், கம்பளிக்கு அந்த ஆபத்து இல்லை.

பருத்தியை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. ஏற்றம் குறைந்த, வறண்ட வெயில் பாதையில், மாலைக்குள் வீடு திரும்பும் நடைக்குத் தளர்வான பருத்திச் சட்டை சுகமானது; அங்கே அது தரும் குளிர்ச்சிதான் நமக்குத் தேவை. ஜீன்ஸுக்கு மட்டும் எந்தப் பாதையிலும் நான் இடம் தருவதில்லை. நனைந்தால் கல்லாய்க் கனத்து முட்டியை மடக்க விடாது; உலர அரைநாள் ஆகும்.

ஒரே தடித்த ஜாக்கெட்டா, மூன்று மெல்லிய அடுக்குகளா?

இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அடுக்குகள்தான். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 600 மீட்டர் ஏற்றத்திலேயே நான்கு டிகிரி போய்விடும். காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால் வெந்துபோவோம், கழற்றினால் நடுங்குவோம். வியர்வையைக் கடத்தும் உள்சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ் என்னும் பஞ்சுபோன்ற மென்மையான சூட்டாடை, அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலாடை என்று இருந்தால் வேண்டியதைப் போடலாம், வேண்டாததைக் கழற்றலாம்.

அடுக்குகளில் ஒரு தொல்லை இருக்கிறது. பெரியவர்கள் சூடு ஏறியதும் தாங்களே கழற்றுவார்கள். குழந்தை சொல்லாது, விளையாட்டு மும்முரத்தில் அதற்குத் தெரியவும் தெரியாது. கை குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாமல், பிடரியில் சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், சில்லென்று இருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதைச் செய்கிறேன்.

முதுகுத் தொட்டிலில் அமர்ந்து வரும் கைக்குழந்தையின் நிலை இன்னும் சிக்கலானது. சுமக்கும் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும். அவர் தன் சூட்டை வைத்துக் குழந்தைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவார். அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, நம்மைப் போல நடந்து சூடேற அதற்கு வழியே இல்லை. காற்சட்டை மேலேறிக் கணுக்கால் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். நடப்பவர் சட்டையோடு போகும்போதே அந்தக் குழந்தைக்கு ஃப்ளீஸும், முழங்கால்வரை நீளும் சாக்ஸும், காதை மூடும் தொப்பியும் தேவைப்படலாம்.

அரைக்கால் சட்டையா, முழுக்கால் சட்டையா?

வெட்டித் துப்புரவான அகலப் பாதை என்றால் அரைக்கால் சட்டை போதும். புல் இடுப்பளவு வளர்ந்த பாதை, முள், உண்ணி, அட்டை இவற்றில் எது இருந்தாலும் முழுக்கால் சட்டைதான். வெளிர் நிறமாக இருந்தால் உண்ணி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். காற்சட்டையின் கீழ்முனையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் அது தோலுக்கு வர வழி கிடைக்காது. வெயிலுக்கும் இதே பதில்தான். 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. யுபிஎஃப் என்பது துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு; யுபிஎஃப் 50 என்று குறித்த துணி அந்தக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். மெல்லிய வெள்ளைப் பருத்தி அதைவிடப் பல மடங்கு விடும், நனைந்தால் இன்னும் அதிகம்.

ரெயின்கோட்டா, போன்ச்சோவா?

காற்றடிக்கும் திறந்த முகட்டில் ரெயின்கோட். மரங்களுக்கு நடுவே, காற்றில்லாத மழையில், தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் தளர்வான மழைப்போர்வையான போன்ச்சோ; பையையும் சேர்த்து மூடும், பக்கவாட்டில் காற்று புகுவதால் உள்ளே புழுங்காது. ஆனால் சிறு பிள்ளைகளுக்குப் போன்ச்சோ போட மாட்டேன். கீழே பார்த்தால் தன் கால் தெரியாது, இறக்கத்தில் தடுக்கி விழுவார்கள். ‘சுவாசிக்கும்’ துணி என்று விற்கப்படும் ரெயின்கோட்டும் செங்குத்தான ஏற்றத்தில் நம் வியர்வையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அக்குளில் ஜிப் வைத்ததாகப் பார்த்து வாங்குவது நல்லது. மேல்துணியில் மழைத்துளி உருண்டு ஓடாமல் ஊறத் தொடங்கினால் கோட்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். துவைத்து, உள்ளே தைத்திருக்கும் குறிப்பு அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்தினாலே பல நேரம் பழைய தன்மை திரும்பிவிடும்.

பூட்ஸா, ஷூவா?

அதிகம் வாக்குவாதம் நடப்பது இங்கேதான். ஒரு கால் பூட்ஸுக்கும் இலகுவான ட்ரெயில் ஷூவுக்கும் எடை வித்தியாசம் 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டருக்குப் பெரியவர் ஒருவர் சுமார் 14,000 அடி வைக்கிறார். அடிக்கு 250 கிராம் கூடுதலாகத் தூக்கினால் நாள் முடிவில் மூன்றரை டன். குழந்தையின் எட்டு சிறியது, அதே தூரத்துக்கு அது இன்னும் பல ஆயிரம் அடி வைக்கிறது. மூன்றாவது கிலோமீட்டரில் ‘தூக்கு’ என்று கை நீட்டும் பிள்ளையின் காலில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நீர் புகாத பூட்ஸ் ஈரப் புல்லிலும் சேற்றிலும் அருமையாக உழைக்கும். ஓடையில் இறங்கி மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டதென்றால், அதை வெளியே விடாமல் பிடித்துவைப்பதும் அதே பூட்ஸ்தான். நாள் முழுக்க குளத்துக்குள் கால் வைத்தது போல இருக்கும். வலைத்துணி ஷூ உடனே நனையும், நடக்க நடக்க உலர்ந்தும்விடும். கனமான பையோடு, கல் சரியும் பாதையில் போகிறவர்களுக்குப் பூட்ஸ். பகல் நடைக்குப் பிள்ளைகளுக்கும் சரி, எங்களுக்கும் சரி, நல்ல பிடிமானமுள்ள ஷூதான்.

‘வளர்கிற கால்தானே’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன். மகனின் குதிகால் ஒவ்வோர் அடியிலும் மேலே எழும்பி இறங்கியது. மாலையில் சாக்ஸைக் கழற்றியபோது கொப்புளத்தின் தோலும் அதோடு சேர்ந்து உரிந்து வந்தது. அவன் அழக்கூட இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும், குதிகால் அசையக் கூடாது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன் கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினால் விரல் நுனி ஷூவில் மோதி நகம் கருக்காது.

பையில் கடைசியாக மிஞ்சும் இடத்துக்கு இன்னொரு ஜாக்கெட்டா, மாற்று உள்சட்டையும் சாக்ஸுமா என்று வரும்போது ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். ஆளுக்கொரு உலர்ந்த சட்டை, ஒரு ஜோடி சாக்ஸ், ஈரம் புகாத உறையில் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே. உச்சியில் உட்கார்ந்ததும் சாப்பாட்டுக்கு முன் அந்த உறையைத்தான் பிரிக்கிறோம்.