டப்பாவில் ஜி-சிங்க் என்று இருந்தால் போதுமா? தஞ்சாவூரில் நான் ஏமாந்த கதை

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணத்தில் அப்பா எனக்கென்று கொஞ்சம் ஒதுக்கித் தந்தார். அதில் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) ஃப்ரீசிங்க் மானிட்டர் ஒன்று வாங்கினேன். ஃப்ரீசிங்க் என்பது ஏஎம்டி கம்பெனியின் வசதி. கார்டு படம் அனுப்பும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும், படம் கிழியாது. அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டு தேடி பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மானிட்டர் மாடலைக் காட்டி, "அண்ணே, இதுல ஃப்ரீசிங்க் வேலை செய்யணும், அதான் முக்கியம்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தேன். கடைக்காரர் என்விடியா கம்பெனியின் பழைய கார்டான ஜிடிஎக்ஸ் 970 ஒன்றை எடுத்து வைத்தார். "டப்பாவுலயே ஜி-சிங்க்னு போட்டிருக்கு பாருங்க தம்பி. புது டிரைவர் ஏத்துனா எல்லா மானிட்டரோடயும் சேர்ந்துக்கும்." ஜி-சிங்க் என்பது என்விடியாவின் இதே மாதிரி வசதி, டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். விலை 9,000 ரூபாய். கொடுத்தது துண்டுச்சீட்டு மாதிரி ஒரு பில். அதிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று முத்திரை.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். கார் பந்தய விளையாட்டில் வண்டி வளைவில் திரும்பினால் படத்தின் மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம் எனக் கிழிந்து நின்றது. மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க்கை ஆன் செய்தேன், டிஸ்ப்ளே போர்ட் கேபிளும் மாற்றினேன், டிரைவரையும் புதிதாக ஏற்றினேன். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் என்ற வரியே வரவில்லை. இரண்டு ராத்திரி இதிலேயே போயிற்று.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. டப்பாவில் இருந்தது பொய்யில்லை. 2013இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க், மானிட்டருக்குள்ளேயே அவர்களுடைய தனி மாட்யூல் இருந்தால் வேலை செய்வது. 970 அந்த வகை மானிட்டரோடு ஒத்துப்போகும். ஃப்ரீசிங்க் மானிட்டர்களுக்கு என்விடியா கதவைத் திறந்தது 2019 ஜனவரியில் வந்த டிரைவரில்தான். அதுவும் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்துதான். 900 வரிசைக்கு எந்த டிரைவர் போட்டாலும் வராது. கார்டு விற்றே பிழைக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

10 வரிசை கார்டோ அதற்குப் பின் வந்ததோ, என்விடியா என்றால் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஃப்ரீசிங்க் மானிட்டரோடு அது டிஸ்ப்ளே போர்ட் வழியாகத்தான் சேரும். ஜிடிஎக்ஸ் 1650இல் சில மாடல்களுக்கு அந்தப் போர்ட்டே கிடையாது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 400 வரிசையிலிருந்து எல்லாவற்றிலும் ஃப்ரீசிங்க் உண்டு. மானிட்டர் இடம் கொடுத்தால் எச்டிஎம்ஐயிலும் ஓடும். முடிந்தால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃப்ரீசிங்க் வேலை செய்தால், விளையாட்டு ஓடும்போது மானிட்டர் மெனுவில் தெரியும் ஹெர்ட்ஸ் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். என்னுடையதில் 144இல் அப்படியே நின்றது.

நான்காம் நாள் கார்டோடு திரும்பப் போனேன். "ஓடுதுல்ல தம்பி, அப்புறம் என்ன?" என்றார். முத்திரையைக் காட்டினார். பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கார்டைக் கொடுக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பில்லையும் டப்பாவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.