கையால் இழுக்கும் மிதவையுயிரி வலை: ஒரு மதிப்பீடு

கடலின் உணவுச் சங்கிலியைப் படங்களில் மட்டுமே கண்டவர்கள், அது எந்தெந்த உடல்களால் ஆனது என்பதை நேரில் அறிய நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்களான மிதவையுயிரிகளைப் பிடிக்கும் இந்தக் கைவலை பெரிதும் உதவும். 30 செ.மீ. விட்டமுள்ள எஃகு வளையம், அதிலிருந்து கூம்பாகக் குறுகும் நைலான் வலை, நுனியில் சிறிய சேகரிப்புக் குப்பி, இவ்வளவுதான் கருவி. 20 மைக்ரான், 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆகிய இரண்டு வலைக்கண் அளவுகளில் வரும் கூம்புகளை ஒரே வளையத்தில் மாற்றிப் பொருத்தலாம். தையல் உறுதியானது.

இரண்டு கூம்புகளையும் வாங்குவதே சரி என்பேன். திறந்த நீரில் யார் யாரை உண்பது என்பதைப் பெரும்பாலும் உடலளவே தீர்மானிக்கிறது. 20 மைக்ரான் வலையில் சிக்கியதில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கீட்டோசெரோஸ் என்னும் டயாட்டத்தின் (ஒற்றைச் செல் பாசி வகை) செல்கள் நீண்ட முட்களை நீட்டியபடி சங்கிலியாகக் கோத்திருப்பதைக் காணலாம். அவற்றின் சிலிக்கா ஓடு நீரைவிடக் கனமானது என்பதால், நீர் நன்றாகக் கலக்கும்வரைதான் அவை ஒளியுள்ள மேற்பரப்பில் தங்க முடியும். ஆழத்திலிருந்து நைட்ரேட்டும் சிலிக்காவும் மேலேறும்போது டயாட்டங்கள் மளமளவெனப் பெருகுவதும், கலக்கம் அடங்கிச் சத்துகள் தீர்ந்ததும் மூழ்கி மறைவதும் அந்த ஒற்றைச் செல்லின் உடலியல்பிலிருந்தே விளைகின்றன.

200 மைக்ரான் வலை கோப்பிபாடுகள் என்னும் சின்னஞ்சிறு ஓட்டுடலிகளைத் தருகிறது. கிண்ணத்தில் விட்டுப் பார்த்தால், உணர்கொம்புகளை விரித்து அசையாமல் தொங்கும் ஒன்று, நீர் சற்றே அதிர்ந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் துள்ளி விலகும். கண்ணால் தேடி வேட்டையாடும் மீன்களுக்குத் தப்ப இவற்றில் பல இனங்கள் பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலேறுகின்றன. ஒவ்வொன்றும் தன் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்தப் பயணம், மேற்பரப்பில் உண்ட கரிமத்தை ஆழ்கடலுக்குக் கொண்டு சேர்க்கிறது.

குறைகளும் உண்டு. வலை வழியே சென்ற நீரை அளக்கும் நீரோட்டமானி இல்லை. 100 மீட்டர் இழுத்தால் ஏறத்தாழ 7 கனமீட்டர் நீர் வடிகட்டப்பட்டது என்று கணக்கிடலாம். ஆனால் டயாட்டங்கள் மிகுந்த நீரில் 20 மைக்ரான் கண்கள் விரைவில் அடைத்துக்கொள்வதால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. எண்ணிக்கை வேண்டுவோர் மானியைத் தனியாக வாங்கியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை கையேட்டில் இருக்கிறது. வலையில் நிற்காதவற்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கடலியலாளர் சாலி சிஷோம் குழுவினர் 1988இல் அறிவித்த, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான புரோகுளோரோகாக்கஸ் சுமார் 0.6 மைக்ரான் அளவே உடையது. எந்த மிதவையுயிரி வலையிலும் அது நிற்காது. உடல் சிறுத்ததால், தன் கன அளவை நோக்கப் பரப்பு மிகுந்து, சத்துக் குறைந்த வெப்பக் கடல்களிலும் அது தழைக்கிறது. அத்தகைய நீரில் வலை ஏறக்குறைய வெறுமையாக வந்தால், கடலில் உயிரே இல்லை என்று மாணவர் முடிவு கட்டிவிடக் கூடும். ஒரு குப்பி வடிகட்டாத நீரையும் உடன் எடுக்கும்படி கையேடு சொல்லியிருக்க வேண்டும்.

பீப்பாய் வடிவக் கடல்விலங்கான சால்ப் போன்ற கூழுடலிகள் வலையில் சிதைந்துவிடுகின்றன. அவை சளிவலையால் நுண்துகள்களையும் வடிகட்டி உண்பவை. நுண்ணுயிர்களுக்கும் பெரிய விலங்குகளுக்கும் இடையிலுள்ள உணவுச் சங்கிலியின் பல படிகளை ஒரே தாவலில் கடப்பவை. நீர் வடியாத பெரிய குப்பி ஒன்றைத் துணைப்பொருளாகத் தந்தால் இந்தச் சேதம் குறையும். அதுவரை சால்ப்களை அகலவாய்ச் சாடியால் மெல்ல முகந்தெடுப்பதே நல்லது.