தகைவிலானைத் துரத்துவதா, பஞ்சுருட்டானுக்குக் காத்திருப்பதா?

சிறிய, வேகமான பறவைகளைப் பறக்கும்போது படம் எடுக்க மூன்று வழிகள் உண்டு. கேமராவைத் திருப்பிக்கொண்டே பறவையைத் துரத்தலாம். அது வந்து போகும் இடத்தில் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அல்லது பட்டனை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்துப் பதிந்து தரும் புதிய கேமராக்களிடம் வேலையை விட்டுவிடலாம். எது சிறந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கேமராவின் பெயரையோ லென்ஸின் பெயரையோ எதிர்பார்க்கிறார்கள். எந்தப் பறவை என்று முதலில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்பதுதான் என் பதில்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36 மிமீ அகல சென்சார் உள்ளது) 500 மிமீ லென்ஸ் இருக்கிறது. 10 மீட்டர் தூரத்தில் அந்த ஃப்ரேமின் அகலம் 72 செ.மீ. தகைவிலான் (ஆங்கிலத்தில் ஸ்வாலோ) நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால், ஃப்ரேமின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற 0.07 நொடி போதும். கண் பார்த்து விரல் அசைவதற்கே நமக்குச் சுமார் 0.2 நொடி ஆகும். இன்னொன்று, அந்தத் தூரத்தில் லென்ஸின் திறப்பை (அபர்ச்சர்) எஃப் 5.6 வைத்தால் ஷார்ப்பாக விழும் ஆழம் ஏறக்குறைய 13 செ.மீ. தகைவிலானின் உடல் நீளமே வாலோடு சேர்த்து 17, 18 செ.மீ. வரும். பறவையை ஃப்ரேமுக்குள் வைத்திருப்பது, ஃபோகஸில் வைத்திருப்பது, நேரத்துக்கு அழுத்துவது என்று சிக்கல் மூன்று. மேலே சொன்ன மூன்று வழிகளும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் சுலபமாக்குகின்றன. மூன்றையும் ஒருசேரத் தீர்க்கும் வழி எதுவும் இல்லை.

துரத்துவது

தகைவிலான்களுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. குளிர்காலத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலும், செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களிலும் இவை தண்ணீரையும் நாற்றையும் உரசுகிற மாதிரி தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். எந்தக் கணத்தில் எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சற்று நேரம் கேமராவைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று தெரியும். அதே வரப்பு, அதே வாய்க்கால் வளைவு என்று திரும்பத் திரும்ப ஒரே சுற்றில்தான் வருகின்றன. துரத்துவதிலும் பாதி காத்திருப்புதான்.

புதிதாக எடுப்பவர்கள் பறவை பக்கத்தில் வந்த பிறகு கேமராவைத் தூக்குகிறார்கள். அதற்குள் வேலை முடிந்துவிடும். 30, 40 மீட்டரிலேயே வ்யூஃபைண்டரில் பிடித்துவிட வேண்டும். அந்தத் தூரத்தில் ஃப்ரேம் இரண்டு, மூன்று மீட்டர் அகலம் இருக்கும், பறவை தப்பாது. அங்கிருந்து கூடவே திருப்பிக்கொண்டு வந்து, 15 மீட்டருக்குள் வந்ததும் நான்கைந்து ஃப்ரேம் மட்டும் எடுத்தால் போதும். கால் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பறவை வரும் திசைக்குப் பாதங்களைத் திருப்பி நிற்காதீர்கள். எங்கே படம் விழ வேண்டுமோ அந்தத் திசைக்குப் பாதங்களை வைத்துவிட்டு, இடுப்பை மட்டும் பறவை வரும் பக்கம் முறுக்கி நில்லுங்கள். பறவை நெருங்க நெருங்க முறுக்கு தானாகப் பிரியும். கிளிக் செய்யும் கணத்தில் உடம்பு இறுக்கம் இல்லாமல் இருக்கும்.

அடுத்தது காற்று. நொடிக்கு 10 மீட்டர் பறக்கும் பறவை, நொடிக்கு 5 மீட்டர் எதிர்காற்றில் வந்தால், நம் கண்ணுக்கு அதன் வேகம் பாதிதான். ஆகவே காற்றும் வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருக்கும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காலை வேளை இதற்குத் தோது: காற்று வடகிழக்கிலிருந்து, சூரியன் தென்கிழக்கில். மேற்கே பார்த்து நின்றால் தகைவிலான்கள் முகத்தில் வெளிச்சத்தோடு, வேகம் குறைந்து, நம்மை நோக்கி வரும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இது அப்படியே தலைகீழாக, மாலைக்கு மாறிவிடும். அதற்குள் தகைவிலான்கள் வடக்கே போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

துரத்துவதன் பலவீனம் ஃபோகஸ். பின்னணி வானமாக இருந்தால் எந்தக் கேமராவும் பிடிக்கும். நாற்று, கோரை, தண்ணீர்ப் பளபளப்பு என்று வந்துவிட்டால், பறவையின் கண்ணைத் தேடிப் பிடிப்பதாகச் சொல்லும் மிரர்லெஸ் கேமராக்கள்கூடப் பறவை ஃப்ரேமில் சிறிதாக இருக்கும்வரை பின்னணிக்குத் தாவுகின்றன. ஃபோகஸ் தேடும் தூரத்தைக் குறுக்க லென்ஸில் உள்ள ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்சைத் தூரப் பக்கம் தள்ளிவிடுவதும், முன்கூட்டியே 15 மீட்டரில் ஏதாவது ஒரு புல்தூரில் ஃபோகஸ் வைத்துவிட்டுத் தொடங்குவதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். ஷட்டர் 1/3200 நொடி. அதில் தகைவிலான் நகர்வது 3 மில்லிமீட்டர்தான்.

காத்திருப்பது

பச்சைப் பஞ்சுருட்டான் (ஆங்கிலத்தில் கிரீன் பீ-ஈட்டர்) வேறு சாதி. ஒரு முள்மரக் கிளையிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்து, பாய்ந்து, தேனீயையோ தட்டானையோ பிடித்துக்கொண்டு, அநேகமாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். வந்து, பூச்சியைக் கிளையில் அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும். இதைத் துரத்துவது வீண் உழைப்பு. ட்ரைபாடில் கேமராவை வைத்து, கிளை ஃப்ரேமின் ஓரத்தில் வரும்படியும் காற்றடிக்கும் திசையில் மூன்றில் இரண்டு பங்கு காலியாக இருக்கும்படியும் அமைத்து, கிளைக்கு ஒரு சாண் தள்ளி மேனுவல் ஃபோகஸ் வைத்துவிட்டால், பழைய டிஎஸ்எல்ஆரே தாராளம்.

புறப்படுவதை எடுக்கத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். எனக்குத் திரும்பி வருவதுதான் பிடிக்கும். புறப்படும்போது முதுகும் வாலும்தான் பெரும்பாலும் கிடைக்கும், அதுவும் 0.2 நொடி தாமதமாக. திரும்பும்போது அது வருவது நமக்குத் தெரிகிறது. கிளைக்குச் சற்றுக் கீழே வந்து, இறக்கையை முழுக்க விரித்து, மேல்நோக்கி எழுந்து பிரேக் போட்டு உட்காரும். செம்பொன் நிற இறக்கை அடிப்பக்கத்தில் வெளிச்சம் விழும். அலகில் தேனீ இருக்கும். அந்தக் கணத்தில் வேகமும் குறைவு.

ஆனால் 13 செ.மீ. ஆழத்துக்குள் அது வந்தாக வேண்டும். காற்று சற்றுத் திரும்பினாலும் பாதை மாறிவிடும், வரிசையாக எல்லாப் படங்களும் மங்கலாக வரும். எஃப் 8 வைத்தால் ஆழம் 19 செ.மீ. ஆகும், அவ்வளவுதான்.

இந்த முறையில் ஒரு குறுக்குவழி உண்டு: கூட்டு வளைக்கு எதிரே உட்கார்வது. பஞ்சுருட்டான் மண்சரிவில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். இரை கொண்டு வரும் பாதை மாறவே மாறாது, படம் நிச்சயம். ஆனால் ஆள் நிற்கும்வரை தாய்ப்பறவை உள்ளே போகாமல் அலகில் பூச்சியோடு கம்பியில் உட்கார்ந்திருக்கும், உள்ளே குஞ்சு பசியோடு கிடக்கும். அப்படி எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு ரசிக்க முடிவதில்லை. இரை தேடும் கிளைகள் ஊர் முழுக்க இருக்கின்றன.

கேமராவிடம் விடுவது

ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி வைத்தால் கேமரா படங்களை எடுத்துத் தற்காலிக நினைவில் சுழற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க அழுத்தியதும் அதற்கு முந்தைய படங்களையும் கார்டில் எழுதிவிடும். ஒலிம்பஸ் 2016இல் இ-எம்1 மார்க் 2 கேமராவில் கொடுத்தபோது பலர் இதை விளையாட்டுச் சாமான் என்றார்கள். இப்போது நிக்கான், கேனன், சோனி எல்லாவற்றிலும் வந்துவிட்டது. கிளையிலிருந்து புறப்படும் பறவைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. நம் விரலின் 0.2 நொடித் தாமதத்தை இது அப்படியே விழுங்கிவிடுகிறது. தலையைச் சட்டென்று சாய்த்துப் பூச்சியைப் பார்க்கும் கணத்திலிருந்து முதல் இறக்கை வீச்சுவரை எல்லாம் கிடைக்கும்.

ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கொக்கி இருக்கிறது. நிக்கான் இசட்8, இசட்9 கேமராக்களில் இந்த வசதி ஜேபெக் படங்களுக்கு மட்டும், ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கிடையாது. கேனன் ஆர்7 அரை நொடி முன்பிருந்தே நொடிக்கு 30 ரா தருகிறது. ஆனால் சென்சாரை மேலிருந்து கீழே படிக்க அது தோராயமாக 1/30 நொடி எடுத்துக்கொள்வதால், வேகமாக அடிக்கும் இறக்கை வாழை மட்டை மாதிரி வளைந்து போய்விடும். ஒலிம்பஸ் வழிவந்த ஓஎம்-1இல் ராவும் உண்டு, வளைவும் குறைவு, ஆனால் சென்சார் சிறியது. மங்கிய வெளிச்சத்தில் குருணை தெரியும். சோனி ஏ9 மார்க் 3இல் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் படிக்கப்படுவதால் வளைவுக்கே இடமில்லை. விலைதான் இடிக்கும்.

தகைவிலானுக்கு இந்த வசதி பெரிதாக உதவாது. ஃப்ரேமுக்குள் வராத பறவையை எந்த நினைவகமும் பதிய முடியாதே. பேட்டரி வேகமாகத் தீரும், கார்டும் நிரம்பும். ஒரே பாய்ச்சலின் முப்பது படங்களை உட்கார்ந்து கழிக்க வேண்டும். மாலை நேரம் போய்விடும்.

பனை உழவாரனை (ஆங்கிலத்தில் பாம் ஸ்விஃப்ட்) பற்றியும் கேட்பார்கள். உயரம், வேகம், பின்னணியில் வெள்ளை வானம், மங்கிய பழுப்பு நிறம். மாலையில் பனைக்குத் திரும்பும்போது துரத்திப் பார்க்கலாம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்றரை ஸ்டாப் கூட்டினால்தான் நிழலுருவைத் தாண்டி ஏதாவது தெரியும். நான் பெரும்பாலும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

லென்ஸ்

துரத்த நினைப்பவர்களுக்கு எட்டும் தூரத்தைவிட எடை முக்கியம். சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேல், சிக்மா 150-600 கன்டெம்பரரி கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அரை மணி நேரம் கையில் பிடித்துத் திருப்பினால் தோள் சொல்லும். கேனனின் பழைய 400 எஃப் 5.6 ஒன்றேகால் கிலோதான். 1993இல் வந்த லென்ஸ், நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது. 1/3200இல் அது யாருக்கு வேண்டும்? நிக்கான் 500 பிஎஃப் 1,460 கிராம். டி500 கேமராவோடு சேர்ந்தால் தகைவிலானுக்கு இன்றும் சளைக்காத ஜோடி. ஜூமின் பலம், அகலமாக வைத்துப் பறவையைத் தேடிவிட்டு நீட்டிக்கொள்ளலாம் என்பது. வளையத்தைத் திருப்பும் அவகாசத்தைத் தகைவிலான் கொடுப்பதில்லை. காத்திருந்து எடுப்பவர்களுக்கு ஜூம் உண்மையிலேயே உதவும், ஏனென்றால் எடையை ட்ரைபாட் தாங்கிக்கொள்ளும், கிளைக்குத் தக்கபடி ஃப்ரேமை அமைக்கலாம்.

கையில் கேனன் 7டி மார்க் 2, நிக்கான் டி500 மாதிரி பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று இருந்து, ஆசை தகைவிலான் மேல் என்றால் புதுக் கேமரா வேண்டாம், இலகுவான லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும்தான் குறி என்றால் இருக்கும் லென்ஸை வைத்துக்கொண்டு, அழுத்துவதற்கு முந்தைய கணத்தையும் பதியும் வசதியுள்ள கேமராவுக்குக் காசைப் போடலாம். அதிலும் ஆர்7 வாங்குவதாக இருந்தால், வாங்கும் முன் இறக்கை வளைந்த படங்கள் சிலவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். சிலருக்கு அது உறுத்துவதே இல்லை.