வளவு வீடா, கான்கிரீட் வீடா, பேக்கர் பாணியா? நெல்லைச் சீமைக்கு எது பொருந்தும்

பாளையங்கோட்டையைச் சுற்றி வி.எம்.சத்திரம், தியாகராஜ நகர் பக்கமெல்லாம் புதுத் தெருக்கள் நீண்டுகொண்டே போகின்றன. கட்டுகிற வீடு அநேகமாக ஒரே அச்சுதான்: கான்கிரீட் தூண், கான்கிரீட் கூரை, ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர், கார் நிறுத்த இடம். நெல்லை டவுனுக்குள் போனால், ஒரே நடைக்குள் பல வீடுகள் சேர்ந்திருக்கும் பழைய வளவுகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் காட்டிய செங்கல் வழி ஒன்றும் இருக்கிறது. இந்த மூன்றில் எதை எடுப்பது? சித்திரை வெயிலில் கரண்ட் போனாலும் உள்ளே இருக்க முடியுமா, குடும்பம் மாறும்போது வீடும் மாறுமா, அக்கம்பக்கத்தோடு பேச இடமிருக்கிறதா என்ற கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

வெயிலில் வளவு வீட்டை அடிக்க ஆளில்லை. கனத்த சுண்ணாம்புச் சுவர், தார்சா என்ற முன்கட்டு, பட்டாசல் என்ற கூடம், ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நேர்கோட்டில் போகும் வீடு. முன்வாசலையும் பின்வாசலையும் திறந்து வைத்தால் ஆனி ஆடிக் காற்று வீட்டை ஊடுருவிப் போகும். மரச்சட்டம் போட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய மச்சு, கீழே சூட்டை இறங்கவிடாது. ஓட்டுக்கூரை பகலில் சுட்டாலும் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தளம் இதற்கு நேர் எதிர். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி படுக்கும் நேரத்தில்தான் கீழே இறக்கும். ஏசி இல்லாமல் மாடி அறையில் மே மாதம் தூங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வளவின் பெரிய பலம் மனிதர்கள்தான். ஒரே நடை, பொதுக் கிணறு, பொது முற்றம். ஒரு வீட்டுக் கதவு காலையில் திறக்கவில்லை என்றால் அரைமணி நேரத்தில் யாராவது தட்டுவார்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது எந்த வசதியையும் விடப் பெரிது. ஆனால் அந்த ஒற்றுமையில் கசப்பும் கலந்திருந்தது. சாதி கேட்டுத்தான் பல வளவுகளில் வாடகைக்கு விட்டார்கள். பழைய தெருவைப் புகழும்போது இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் அது நேர்மையில்லை. மற்ற குறைகள் தெரிந்தவைதான்: கழிப்பறை புறவாசலில், படி உயரம், கரையான், ஓடு மாற்றும் செலவு, பங்குச் சண்டை.

கான்கிரீட் வீட்டுக்கு வருவோம். அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. எடையைத் தூணும் பீமும் தாங்குவதால் உள்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கலாம், ஒன்றை இரண்டாக்கலாம். மேலே மாடி எடுக்கலாம். குடும்பத்துக்கேற்ப மாறுவதில் இதுதான் முன்னால் நிற்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை சிமெண்டும் கம்பியும் ஜல்லியும். ஜல்லியும் எம்-சாண்டும் குவாரிகளிலிருந்து வருகின்றன. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தது நம் மாவட்டத்தில்தான். தேவைக்கு மேல் கான்கிரீட் போடும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வருகிறது.

அடுக்குமாடி பிளாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிப்டும் காவலும் உண்டு, அக்கம்பக்கமும் உண்டு. ஆனால் ஒரு சன்னலைக்கூட நம் விருப்பத்துக்கு இடம் மாற்ற முடியாது.

பேக்கர் வழியில் இரண்டு உத்திகள் நமக்கு நேரடியாகப் பயன்படும். ஒன்று ராட் டிராப் பாண்ட், அதாவது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ஒன்பது அங்குலச் சுவர். செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், நடுவில் இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். இன்னொன்று ஃபில்லர் ஸ்லாப், அதாவது நிரப்புத் தளம். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது. அந்த இடத்தில் ஓடுகளை வைத்தால் சிமெண்டும் குறையும், அறையும் குளிரும்.

குறை எங்கே என்றால், சுவரே எடை தாங்குவதால் பின்னால் நினைத்தபடி இடிக்க முடியாது. அதாவது இயற்கைக்கு இதமான வீடு, மாறுவதற்கு முரண்டு பிடிக்கும். இதற்கு நல்ல வழி இருக்கிறது. பிற்காலத்தில் கதவு தேவைப்படக்கூடிய இடங்களில் இப்போதே லின்டல் (வாசலுக்கு மேலே எடை தாங்கும் சட்டம்) போட்டு, கீழே செங்கல்லால் அடைத்து வைத்துவிடலாம். அப்புறம் வேண்டும்போது அடைப்பை மட்டும் எடுத்தால் போதும். மாடிப்படியை வெளியே வைத்தால் மேல்தளத்தைத் தனி வீடாக்கலாம். கீழே ஒரு படுக்கையறை, அதை ஒட்டிய கழிப்பறை, மூன்றடிக்குக் குறையாத வாசல், நிலைப்படி இல்லாத தரை. இவற்றை எந்தப் பாணியில் கட்டினாலும் விடக்கூடாது.

ஊருக்கு ஊர் மாற்றமும் வேண்டும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் சுவரில் அடிக்கும். அங்கே பூசாத செங்கல் சுவர் என்றால் கூரையை நன்றாக நீட்ட வேண்டும். பாளையங்கோட்டையில் மழையை விட மேற்கு வெயில்தான் தொல்லை. ஆனி ஆடிக் காற்றும் மேற்கிலிருந்துதான் வரும். எனவே மேற்குச் சன்னலை அடைக்காமல், முன்னால் ஒரு தாழ்வாரம் இறக்குவது உத்தமம். வயலாக இருந்த மனை என்றால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்தத் தெருவில் விசாரித்துவிட்டுத் தரைமட்டத்தை முடிவு செய்யுங்கள்.

என் தீர்ப்பு இது. நல்ல நிலையில் வளவு வீடு கையில் இருந்தால் இடிக்காதீர்கள், கழிப்பறையை உள்ளே கொண்டுவந்து மரத்தைச் செப்பனிடுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் பேக்கர் சுவரை எடுத்து, வளவின் அமைப்பில் கட்டுங்கள்: காம்பவுண்டுச் சுவரை இடுப்பளவுக்குக் குறைத்துத் தெருவைப் பார்த்து ஒரு திண்ணை, நடுவில் சின்ன முற்றம். ஏற்கெனவே கான்கிரீட் தளம் போட்டாயிற்றா, சரி, சூடு குறைய மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதியுங்கள். ராட் டிராப் பாண்ட் பழகிய கொத்தனார் நம் பக்கம் குறைவு. அதனால் முதலில் மோட்டார் ரூமை அந்த முறையில் கட்டச் சொல்லிப் பாருங்கள், கை பழகியபின் வீட்டுச் சுவரைத் தொடங்கலாம்.