மேஜிக் அரீனாவில் ஆண்டுக்கணக்கில் ஆடியபின்: அது சொல்லித் தராத விதிகள்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தைக் கணினியில் ஆட உதவும் அரீனா 2019இல் முழு வெளியீடாக வந்தது, 2021இல் மொபைலுக்கும் வந்தது. நான் அதில் ஆண்டுக்கணக்கில் ஆடிவருகிறேன். வார இறுதியில் நண்பர்களோடு மேசையில் உட்கார்ந்து காகிதக் கார்டிலும் ஆடுவதுண்டு. அதனால் ஒன்று கண்ணில் பட்டது. அரீனாவில் கற்றுக்கொண்டு மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். விதியை மீற அரீனா யாரையும் விடாது. ஆனால் ஒரு விஷயம் ஏன் முடியாது என்று அது பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை.

முதல் குழப்பம் ஸ்டாக். ஆட்டத்தின் முதுகெலும்பே அதுதான். போடுகிற ஸ்பெல்லும் (மந்திரக் கார்டு) எபிலிட்டியும் (கார்டில் எழுதியுள்ள திறன்) உடனே நடந்துவிடாது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கில் ஏறும். கடைசியாக ஏறியது முதலில் நடக்கும். கேட்க எளிது, ஆடும்போதுதான் வினை.

உங்களிடம் கிரிஸ்லி பேர்ஸ் இருக்கிறது, 2/2 கரடி (முதல் எண் அடிக்கும் பலம், அடுத்தது தாங்கும் பலமான டஃப்னஸ்). எதிராளி அதன்மேல் லைட்னிங் போல்ட் போடுகிறார், 3 டேமேஜ். உங்கள் கையில் ஜயன்ட் குரோத், அந்த டர்ன் முடியும்வரை +3/+3. போல்ட்டுக்குப் பதிலடியாக இப்போது குரோத் போட்டால் அது மேலே ஏறி முதலில் நடக்கும். கரடி 5/5 ஆகிவிடும், 3 டேமேஜை வாங்கிக்கொண்டு நிற்கும். இதையே மாற்றிப் பாருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு குரோத் போட்டீர்கள், அதற்குப் பதிலடியாக அவர் போல்ட் போட்டார். கரடி 2/2ஆக இருக்கும்போதே அடி விழுந்து செத்துவிடும். குரோத்துக்கு டார்கெட் இல்லை, அதுவும் வீண். அவருக்கு ஒரு கார்டு செலவு, உங்களுக்கு இரண்டு போச்சு. அதே இரண்டு கார்டு, வரிசை மட்டும் வேறு.

உயிர் பிழைத்த கரடியைப் பற்றி மேசையில் அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "டர்ன் முடிஞ்சதும் +3/+3 போயிடுமே, உடம்புல 3 டேமேஜ் இருக்கே, அப்போ செத்துடாதா?" சாகாது. டேமேஜ் நீங்குவதும், டர்ன் முடியும்வரை என்று சொன்ன பலன்கள் தீர்வதும் டர்னின் கடைசிக் கட்டமான கிளீனப் ஸ்டெப்பில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. விதித் தொகுப்பில் 514.2. அரீனாவில் கரடி பாட்டுக்கு நிற்கும், யாரும் கேட்பதில்லை. மேசையில் பத்து நிமிஷச் சண்டை.

ஸ்டாக் தொடர்பாகவே இன்னொன்று. பிராடிகல் சார்சரர் என்ற கிரியேச்சர் (களத்தில் நின்று சண்டையிடும் கார்டு) தன்னை டேப் செய்து, அதாவது கார்டைப் பக்கவாட்டில் திருப்பி, 1 டேமேஜ் கொடுக்கும். அதைத் தூண்டியதும் எதிராளி பதிலுக்கு அதையே கொன்றுவிடுகிறார். புதிதாக ஆட வந்த தம்பி ஒருவன் என்னிடம் கேட்டது:

"அண்ணா, நான்தான் அதைக் கொன்னுட்டேனே, அப்புறம் எப்படி அடிக்கும்?"

"சுட்டாச்சு தம்பி. இப்போ துப்பாக்கியைப் பிடுங்கினா குண்டு நிக்குமா?"

ஸ்டாக்கில் ஏறிவிட்ட எபிலிட்டிக்கும் அதைத் தந்த கார்டுக்கும் பிறகு தொடர்பில்லை. மேனா (ஸ்பெல் போடச் செலவிடும் சக்தி) தரும் எபிலிட்டி மட்டும் விலக்கு, அது ஸ்டாக்கில் ஏறுவதே இல்லை. அதனால் அதற்குப் பதில் போடவும் முடியாது.

இந்த இடத்தில் அரீனாவின் வசதியே தவறான பாடம் ஆகிவிடுகிறது. நீங்கள் ஒரு ஸ்பெல் போட்டால் பிரயாரிட்டியை (அடுத்து ஏதாவது போடும் உரிமையை) அதுவாகவே எதிராளிக்குத் தள்ளிவிடும். ஆட்டம் வேகமாக ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதிலேயே பழகியவர்கள், தன் ஸ்பெல்லுக்குத் தானே பதில் போட முடியாது என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். முடியும். ஃபுல் கன்ட்ரோலை இயக்கி (கணினியில் கன்ட்ரோல் விசை) பிரயாரிட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுத்ததைப் போடலாம். அதேபோல, எதிராளியின் கிரியேச்சர் தாக்க வரும் முன் அதை டேப் செய்ய வேண்டுமென்றால் காம்பாட்டின் (சண்டைக் கட்டத்தின்) தொடக்க ஸ்டெப்பில் செய்ய வேண்டும். அங்கே ஸ்டாப் (நின்று கேட்கச் சொல்லும் குறி) வைக்காவிட்டால் அரீனா அந்த ஸ்டெப்பைக் கடந்து போய்விடும். தாக்க அறிவித்த பிறகு டேப் செய்து பயனில்லை, அது தாக்கிக்கொண்டுதான் இருக்கும்.

காம்பாட்டில் அதிகம் வாக்குவாதம் பார்த்தது பிளாக் விஷயத்தில். உங்கள் 4/4 தாக்குகிறது, எதிராளி 1/1 ஒன்றை வைத்துப் பிளாக் செய்கிறார், பிறகு அந்த 1/1ஐத் தானே சேக்ரிஃபைஸ் செய்துவிடுகிறார், அதாவது பலி கொடுத்துவிடுகிறார். "எதிரில் யாருமில்லையே, 4 டேமேஜ் உனக்குத்தான்" என்பது இயல்பான வாதம். ஆனால் ஒருமுறை பிளாக் ஆனது பிளாக் ஆனதுதான். டிராம்பிள் (மிஞ்சும் டேமேஜை ஆட்டக்காரர்மேல் இறக்கும் திறன்) இல்லாவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளிகூட விழாது. டிராம்பிளோடு டெத்டச் சேர்ந்தால் கதை தலைகீழ். டெத்டச்சுக்கு 1 டேமேஜே உயிரை எடுக்கப் போதும் என்பதால், பிளாக் செய்த ஒவ்வொன்றுக்கும் 1 மட்டும் ஒதுக்கி மிச்சத்தை ஆட்டக்காரர்மேல் இறக்கலாம். இந்தக் கூட்டணியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் பிடிக்காது.

ஹெக்ஸ்புரூஃப், இன்டிஸ்ட்ரக்டிபிள் இரண்டையும் "எதுவும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று படிப்பவர்கள் அதிகம். ஹெக்ஸ்புரூஃப் தடுப்பது எதிராளி டார்கெட் செய்வதை மட்டுமே. டார்கெட் செய்யாத எதற்கும் அது குறுக்கே வராது. எல்லாக் கிரியேச்சரையும் அழிக்கும் ராத் ஆஃப் காட் அதையும் சேர்த்து வாரும். டயபாலிக் ஈடிக்ட் டார்கெட் செய்வது ஆட்டக்காரரை. அவரிடம் இருப்பது அந்த ஒரே கிரியேச்சர் என்றால் அதைத்தான் பலி கொடுக்க வேண்டும். இன்டிஸ்ட்ரக்டிபிள் ராத்தைத் தாங்கும், டேமேஜைத் தாங்கும். ஆனால் எக்ஸைல் (ஆட்டத்தைவிட்டே ஒதுக்குவது), சேக்ரிஃபைஸ், டஃப்னஸைப் பூஜ்ஜியமாக்கும் -3/-3 போன்றவை எதையும் தாங்காது. அரீனாவில் செல்லுபடியாகும் டார்கெட் மட்டும் ஒளிரும், மற்றதைத் தொடவே முடியாது. கார்டின் வாசகத்தைப் படிக்கும் பழக்கம் அங்கேதான் மழுங்குகிறது.

சம்மனிங் சிக்னஸ் பற்றி ஒரு வரி போதும்: புதிதாக வந்த கிரியேச்சர் தாக்கக்கூடாது, தன்னை டேப் செய்யும் எபிலிட்டியைப் பயன்படுத்தக்கூடாது, ஆனால் பிளாக் செய்யலாம்.

பழைய ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்தால் வேறு வகைச் சிக்கல். அவர்கள் சொல்வது ஒருகாலத்தில் சரிதான். காம்பாட் டேமேஜ் ஸ்டாக்கில் ஏறும், மிஞ்சிய மேனா உயிரைச் சுடும் என்பார்கள். இரண்டும் 2009இல் மேஜிக் 2010 தொகுப்போடு போய்விட்டன. ஒரே லெஜண்டை (ஒன்றுக்கு மேல் வைத்திருக்க முடியாத தனிச்சிறப்புக் கார்டை) இரு தரப்பும் வைத்திருந்தால் இரண்டும் போகும் என்பார்கள். 2013 முதல் அந்த விதி அவரவர் பக்கத்துக்கு மட்டும். பல பேர் பிளாக் செய்தால் யாருக்கு முதலில் டேமேஜ் என்று வரிசை அறிவிக்க வேண்டும் என்பது 2024 ஃபவுண்டேஷன்ஸ் வரை இருந்தது. இப்போது டேமேஜ் போடும் நேரத்தில் தாக்குபவர் விரும்பியபடி பிரிக்கலாம். பிளாக் செய்பவரின் கடைசி நேரத் தந்திரங்களுக்கு இதனால் பழைய மதிப்பு இல்லை. எனக்கு இந்த மாற்றம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது எளிதாகிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

டிரிகர்களை (ஏதாவது நடந்தால் தானாகத் தூண்டப்படும் எபிலிட்டிகளை) அரீனா மறப்பதே இல்லை, மேசையில் நீங்கள்தான் நினைவு வைக்க வேண்டும். அதற்கு நான் செய்வது, டிரிகர் உள்ள கார்டின்மேல் ஒரு தாயக்கட்டையை வைத்துவிடுவது. சந்தேகம் வந்தால் மேஜிக் கார்டுகளின் தளமான கேதரரில் கார்டின் பெயரைத் தேடினால் கீழேயே அதிகாரபூர்வத் தீர்ப்புகள் இருக்கும். முழு விதித் தொகுப்பை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். 101ஆம் பகுதியைப் படித்தால் பாதி வழக்கு தீரும்: கார்டின் வாசகமும் பொது விதியும் மோதினால் கார்டு வெல்லும், ஒரு பலன் ஒன்றைச் செய்யலாம் என்று சொல்லி இன்னொரு பலன் முடியாது என்று சொன்னால் முடியாது என்பதே வெல்லும்.

பலன்கள் பல சேரும்போது எதை முதலில் கணக்கிடுவது என்று சொல்லும் லேயர் விதிகள் இருக்கும் 613ஆம் பகுதியை மட்டும் ஆட்டத்தின் நடுவில் திறக்காதீர்கள். அடிக்கடி கேட்கப்படும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளட் மூனும் (அடிப்படையல்லாத நிலங்களை மவுன்டன் ஆக்கும் கார்டு) அர்போர்க், டூம் ஆஃப் யாக்மோத்தும் (எல்லா நிலத்தையும் ஸ்வாம்ப்பாகவும் ஆக்கும் நிலம்) ஒன்றாகக் களத்தில் இருந்தால், எது முதலில் வந்திருந்தாலும் அர்போர்க் வெறும் மவுன்டன் ஆகிவிடும், அதன் எபிலிட்டி போய்விடும். எந்த நிலமும் அதனால் ஸ்வாம்ப் ஆகாது.